டீச்சர், என் படத்தை எடுத்துடுங்க

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். ஜூன் மாதம் பள்ளிக்காக ஒரு ஃபேஸ்புக் பக்கம் தொடங்கி, வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் வரையும் படங்களைப் போட்டு வருகிறேன். வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பாக்கள் பார்த்துவிட்டு போனில் பேசுகிறார்கள். பழைய மாணவர் ஒருவர் வகுப்பில் எல்லோருக்கும் கிரேயான் பெட்டி வாங்கி அனுப்பினார். யூடியூப் பார்த்து விதவிதமாக வரைகிற ஆர்வமும் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. போன மாதம் ‘என் வீடு’ என்று தலைப்பு கொடுத்தேன். ஒரு மாணவி வரைந்ததைப் பெயர், வகுப்போடு போட்டேன். அதன் கீழே உறவுக்காரர் ஒருவர் ‘அப்பாவைக் காணோமே?’ என்று சிரிக்கிற எமோஜியோடு எழுதிவிட்டார். மறுநாள் காலை பிரேயருக்கு முன்னாலேயே அவள் வந்து, “டீச்சர், என் படத்தை எடுத்துடுங்க” என்றாள். எடுத்துவிட்டேன். “சின்னப் பிள்ளை சொன்னதுக்கெல்லாம் எடுத்தா நாளைக்கு எல்லாரும் கேட்பாங்க” என்கிறார்கள் மற்ற ஆசிரியர்கள். தலைமையாசிரியருக்குப் பக்கம் தொடர வேண்டும். பெயர் போடலாமா, கூடாதா? இதற்குச் சட்டம் ஏதும் உண்டா? பேசாமல் பக்கத்தையே மூடிவிடலாமா என்றும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

அவள் கேட்டதும் படத்தை எடுத்தீர்களே, அது சரியான காரியம். நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்றால் கேட்கட்டும், கேட்கிற படத்தை எல்லாம் எடுத்துவிடுங்கள். என் அனுபவத்தில் அப்படி வரிசை கட்டி யாரும் வந்து நிற்பதில்லை. சொன்னால் டீச்சர் எடுத்துவிடுவார் என்று தெரிந்த வகுப்பில் பிள்ளைகள் இன்னும் தாராளமாகத்தான் படம் கொடுப்பார்கள். பக்கத்தையும் மூட வேண்டாம். துபாயில் இருக்கும் அப்பா மகள் வரைந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்துவிட்டு இரவில் போன் செய்வது சின்ன விஷயமில்லை. ஆனால் பக்கத்தை நடத்துகிற விதத்தில் நிறைய மாற்ற வேண்டியிருக்கிறது.

படம் யாருடையது என்பதை முதலில் பேசிவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. நான் 27 வருடம் ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்தவள். சேர்ந்த இரண்டாம் வருடம் பள்ளிக்கு வெளியே ஒரு கண்காட்சி. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அவர்கள் வீட்டு எருமையை வரைந்து கொடுத்திருந்தான். பக்கவாட்டில் நிற்கிற எருமை, ஆனால் இரண்டு கண்ணும் ஒரே பக்கம். நாலு காலும் சீப்புப் பல் மாதிரி வரிசையாக இருந்தன. மடி மட்டும் உடம்பில் பாதிக்குப் பெரிது. கண்காட்சிக்குப் போகிற படமாயிற்றே என்று நான் ரப்பரை எடுத்து ஒரு கண்ணை அழித்தேன். கால்களைத் திருத்தினேன், மடியைச் சிறிதாக்கினேன். பரிசும் கிடைத்தது. கண்காட்சி அன்று அவன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பலகை பலகையாகத் தேடினான். தன் படத்தை இரண்டு தடவை தாண்டிப் போனான். நான் கூப்பிட்டுக் காட்டியதும் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, “இது எங்க எருமை இல்ல டீச்சர், எங்க எருமைக்கு ரெண்டு கண்ணு” என்றான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. அம்மாவை இழுத்துக்கொண்டு அடுத்த பலகைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு பிள்ளையின் தாளிலும் நான் பென்சில் வைத்ததில்லை.

அந்தப் பையன் சொன்னதைத்தான் சட்டமும் சொல்கிறது என்று எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓவியம் ஓவியம்தான். வரைந்தவர்தான் அதன் முதல் உரிமையாளர். வயது ஒரு தடையே இல்லை. தாளும் கிரேயானும் பள்ளி கொடுத்தது என்பதாலோ வகுப்பு நேரத்தில் வரைந்தது என்பதாலோ படத்தின் பதிப்புரிமை பள்ளிக்கு வந்துவிடாது. வரைந்தவரின் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 வருடமும் அந்த உரிமை உண்டு. அதே சட்டத்தின் 57-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி போகிறது. படைத்தவர் தன் படைப்புக்குத் தன் பெயரைக் கேட்கலாம், அதைச் சிதைத்துத் தன் மதிப்பைக் கெடுத்தால் தடுக்கலாம் என்கிறது. இந்தப் பிரிவின் கீழ்தான் சிற்பி அமர்நாத் சேகல் அரசின் மேலேயே வழக்குப் போட்டார். டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அவர் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டுச் சிதைத்துவிட்டார்கள். மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்து 5 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடும் கொடுக்கச் சொல்லி 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. உங்கள் பள்ளி மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனாலும் போனில் படமெடுத்துவிட்டு ஓரத்தை வெட்டுவது, நிறத்தைத் தூக்குவது, மேலே ‘வாழ்த்துகள்’ என்று எழுத்து ஒட்டுவது எல்லாம் செய்வதற்கு முன் அந்த எருமையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. படத்துக்குக் கீழே தன் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்பது பிள்ளையின் உரிமை, அவர்களுக்கு அது பெருமையும்கூட. இன்னொரு பக்கம், உங்கள் பக்கத்தின் தலையிலேயே பள்ளியின் பெயரும் ஊரும் இருக்கின்றன. அதன் கீழ் இனிஷியலோடு பெயர், வகுப்பு, பிரிவு என்று போட்டால், முன்பின் தெரியாத ஒருவன் பள்ளி வாசலில் வந்து நின்று அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட அது போதும். ஆகவே பெயர் மட்டும் போடுங்கள், பக்கத்தில் வயது போடலாம். இனிஷியல் வேண்டாம், வகுப்பும் வேண்டாம். அதுவும் வேண்டாம் என்று பெற்றோர் நினைத்தால், பிள்ளையையே ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒருத்தி எல்லாப் படத்திலும் மூலையில் ஒரு சின்னக் கிளி போடுவாள், ஒருவன் மூன்று புள்ளி வைப்பான். பெயரைவிட அதைத்தான் கவனமாகப் போடுவார்கள்.

பிள்ளைகள் பழக்கத்தில் வலது கீழ் மூலையில் பெயர், வகுப்பு, பள்ளி என்று எல்லாவற்றையும் எழுதிவிடுவார்கள். போட்டிகளுக்கு அனுப்பிப் பழகியது அது. சிலர் அப்பாவின் போன் நம்பரைக்கூட எழுதுவார்கள். அதையெல்லாம் தாளின் பின்பக்கம் எழுதப் பழக்குங்கள். படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளை நிற்கிற போட்டோ வேண்டவே வேண்டாம். முகம், சீருடை, கழுத்தில் அடையாள அட்டை மூன்றும் ஒரே போட்டோவுக்குள் வந்துவிடும். உங்கள் பள்ளியில் குழந்தைகள் இல்லத்தில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இதில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பெயர், முகவரி, பள்ளி போன்ற அடையாளங்களை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை செய்கிறது.

பெற்றோர் ஒப்புதலுக்கும் இப்போது சட்டம் இருக்கிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைதான். அவர்களின் விவரத்தைக் கணினியிலும் இணையத்திலும் கையாளுவதற்கு முன் பெற்றோரிடம் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிறது 9-ஆவது பிரிவு. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இந்தக் கடமை நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தேதிக்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே பக்கத்தைப் போனில் எடுத்துக் காட்டி, எல்லாப் பெற்றோருக்கும் ஒரு சீட்டு கொடுங்கள். பெரிய படிவம் தேவையில்லை. ‘என் பிள்ளை வரைந்த படத்தைப் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடலாம். பெயர் போடலாம் / வேண்டாம். முகம் தெரியும் போட்டோ போட மாட்டீர்கள். பிள்ளையோ நானோ எப்போது சொன்னாலும் படத்தை எடுத்துவிடுவீர்கள்.’ இவ்வளவு போதும். படிக்கத் தெரியாத பாட்டி வந்திருந்தால் வாசித்துக் காட்டிவிட்டுக் கேளுங்கள். கையெழுத்துப் போடாத வீட்டை மறுபடி மறுபடி கேட்டு நச்சரிக்க வேண்டாம். காரணம் அவர்களுக்குத் தெரியும்.

பெற்றோர் கையெழுத்து வந்துவிட்டது என்பதற்காகப் பிள்ளையைக் கேட்காமல் இருக்க முடியாது. தன்னைப் பாதிக்கிற விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. வகுப்பில் அதை எப்படிச் செய்வது என்று கேட்டால், நான் செய்ததைச் சொல்கிறேன். படம் முடிந்ததும் தாளைத் திருப்பி, பின்பக்கம் ஒரு கண் வரையச் சொல்வேன். திறந்த கண் என்றால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மூடிய கண் என்றால் நம் வகுப்போடு சரி. முதல் வாரம் எல்லாரும் திறந்த கண்ணே போட்டார்கள். மூன்றாம் நான்காம் வாரத்தில்தான் மூடிய கண் ஒன்றிரண்டு வந்தது. ஏன் மூடினாய் என்று கேட்கக் கூடாது. அதை மட்டும் நீங்கள் காப்பாற்றினால் போதும், பிள்ளைகள் யோசித்துப் பதில் சொல்லப் பழகிவிடுவார்கள்.

இப்போது ‘என் வீடு’ படத்துக்கு வருகிறேன்.

ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள் வீட்டை வரையும்போது பலர் சுவரைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுவார்கள். வெளியே கூரையும் கதவும் இருக்கும், அதே படத்தில் உள்ளே இருக்கிற கட்டில், டிவி, அடுப்பு, தொட்டில், பாயில் படுத்திருக்கும் தாத்தா எல்லாம் தெரியும். எக்ஸ்ரே படம் என்று இதைச் சொல்வார்கள். பத்து வயதிலும் சில பிள்ளைகளிடம் இது தொடரும். கண்ணுக்குத் தெரிவதை அவர்கள் வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததையெல்லாம் வரைகிறார்கள். முக்கியமானவர் பெரிதாக இருப்பார், அம்மா வீட்டுக் கூரையைவிட உயரமாக நிற்பாள். அந்த வயதின் அழகே இதுதான். அதனாலேயே ‘என் வீடு’, ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் வருகிற படம், ஒரு வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, யார் எங்கே படுக்கிறார்கள் என்பதையெல்லாம் ஊருக்குத் திறந்து காட்டிவிடும். வரைந்த பிள்ளைக்கு அது தெரியாது. தன் டீச்சருக்குக் காட்டுகிறோம் என்று நினைத்துத்தான் வரைந்திருக்கும். வீடு, குடும்பம், எனக்குப் பயம், எனக்குப் பிடிக்காதது போன்ற தலைப்புகளை வகுப்பில் தாராளமாகக் கொடுங்கள். படங்களை வகுப்போடு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு எங்கள் ஊர்க் குளம், பொங்கல், மழை, ஆடு, பஸ் என்று எவ்வளவோ இருக்கின்றன.

அப்பாவை ஏன் வரையவில்லை என்று நீங்களும் துருவ வேண்டாம். தாளில் இடம் தீர்ந்திருக்கலாம், அப்பா வெளிநாட்டில் இருக்கலாம், சண்டை இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஒரு படத்தை வைத்து ஒரு குடும்பத்தைப் படிக்க யாராலும் முடியாது. கறுப்பு நிறம் போட்டால் கவலை, சிவப்புப் போட்டால் கோபம் என்று சொல்வதை நம்பாதீர்கள், பெட்டியில் மிச்சமிருந்த கிரேயான் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஒரு படமும் அதோடு பிள்ளை சொல்கிற வார்த்தையும் சேர்ந்து உங்கள் வயிற்றைக் கலக்கினால் அது வேறு விஷயம். அந்தத் தாள் எங்கும் போகக் கூடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசுங்கள். பாலியல் கொடுமை என்று சந்தேகம் வந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

கருத்துப் பகுதிதான் உங்கள் மாணவியைக் காயப்படுத்தியது. அந்த உறவுக்காரர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார், கல்யாண வீட்டில் கேலி பேசுகிற மாதிரி பேசியிருப்பார். ஆனால் கல்யாண வீட்டில் பேசியது காற்றோடு போகும், இது எழுத்தில் நின்றது. யார் கருத்து எழுதலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி ஃபேஸ்புக்கில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பாராட்ட நினைப்பவர்கள் உங்களுக்குத் தனியாக எழுதட்டும், நீங்கள் வகுப்பில் வாசித்துக் காட்டலாம். லைக் எண்ணிக்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம்.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது இது. நன்றாக வந்த ஐந்து படத்தை மட்டும் பொறுக்கிப் போடாதீர்கள். போட்டிக்கு அனுப்புவது வேறு, கலைத் திருவிழாவுக்குத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். வாராவாரம் போடுகிற பக்கத்தில் ஒருமுறைகூடத் தன் படம் வராத பிள்ளை தீபாவளிக்குள் வரைவதை நிறுத்திவிடும். வருகைப் பதிவேட்டு வரிசையில் போடுங்கள், எல்லோருக்கும் முறை வரும். மூடிய கண் போட்டவருக்கு அடுத்த படம்.

யூடியூப் பார்த்து வரைகிறார்கள் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் கவலைதான். டேப் ஒட்டிய வட்டம், உள்ளே ஆயில் பேஸ்டலில் தேய்த்த நீல வானம், நிலா, கறுப்பு நிழலாக ஊஞ்சலில் ஒரு பெண். இந்தப் படத்தை நான் எத்தனையோ பள்ளிகளில் பார்த்துவிட்டேன். எங்கள் காலத்தில் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னை மரம். இப்போது இது. தேய்க்கிற கைப்பழக்கம் வரும், அதில் தப்பில்லை. ஆனால் பார்க்கிறவர்கள் ஆஹா என்று சொல்வது இதற்குத்தான் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டால், இரண்டு கண்ணுள்ள எருமை உங்கள் வகுப்பில் இனி பிறக்காது. பக்கத்தில் எது வருகிறது என்பதைப் பார்த்துத்தான் அவர்கள் அடுத்ததை வரைவார்கள். அதனால் சொந்தமாகப் பார்த்து வரைந்ததற்கு முதல் இடம் கொடுங்கள்.

போட்டோ எடுப்பது பற்றி இரண்டு வார்த்தை. ஜன்னல் வெளிச்சத்தில் தாளைத் தரையில் வைத்து, போனை நேர் மேலே பிடித்து எடுங்கள். ஃப்ளாஷ் போட்டால் கிரேயான் மெழுகு பளபளத்து நிறம் வெளுத்துவிடும். ஆவணம் ஸ்கேன் செய்யும் செயலி வேண்டாம், பின்புலத்தை வெள்ளையாக்குகிறேன் என்று பிள்ளை போட்ட இளமஞ்சள் வெயிலையும் சேர்த்து அழித்துவிடும். கேமரா அமைப்பில் இடத்தைப் பதிவு செய்யும் வசதியை அணைத்துவிடுங்கள், வீட்டில் எடுத்து அனுப்பும் பெற்றோரிடமும் இதைச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் கூடவே போகும்.

கடைசியாக அந்தப் பெண் பிள்ளை. பக்கத்திலிருந்து எடுத்தாலும் யார் போனிலாவது அந்தப் படம் இருக்கலாம். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்திருந்தால் அங்கேயும் நீக்குங்கள், வைத்திருப்பவர்களை அழிக்கச் சொல்லுங்கள். அவள் பெயரையோ காரணத்தையோ அங்கே எழுத வேண்டாம். அவளிடம் தனியாக, மற்றவர்கள் கேட்காத இடத்தில், “உன்னைக் கேட்காமப் போட்டுட்டேன், அது என் தப்பு” என்று சொல்லுங்கள். ஆசிரியர் மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று உங்கள் பள்ளியில் யாராவது சொல்லக்கூடும். எனக்கு அப்படி ஆனதில்லை. அந்த உறவுக்காரரின் பேச்சை அவளிடம் எடுக்கவே வேண்டாம், அவளாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அசல் தாள் இன்னும் உங்கள் பீரோவில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை முதல் வேலையாக அதை மடிக்காமல் ஒரு பழைய காலண்டர் அட்டையில் வைத்து அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.